ஈயக் கட்டிகளை எங்கே வைப்பது? தண்ணீருக்குள் கால்கள் தாழ்ந்துபோகின்றன

கேள்வி: குளுவாங்_ஆசிரியர்

அனைவருக்கும் வணக்கம். குளுவாங் பக்கத்துத் தோட்டப் பட்டணம் ஒன்றில் ஆசிரியராக இருக்கிறேன். சென்ற ஆண்டு ஸ்கூபா முக்குளிப்பில் அடிப்படைச் சான்றிதழ் பெற்றேன். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும் மெர்சிங்கில் படகேறித் தியோமான் தீவுக்குப் போக எண்ணியிருக்கிறேன்.

என் எடை 78 கிலோ. 3 மில்லிமீட்டர் தடிமனுள்ள முழுநீள வெட்சூட் (முக்குளிப்பு உடை), அலுமினியக் காற்றுச் சிலிண்டர், மிதக்காமல் அமிழ்வதற்காக இடுப்பு பெல்ட்டில் 8 கிலோ ஈயம் ஆகியவற்றோடு கடலில் இறங்கினேன். தண்ணீருக்குள் என்னால் படுத்த நிலையில் இருக்கவே முடியவில்லை. தலை உயர்ந்து கால்கள் தாழ்வதால், உதைக்கும்போதெல்லாம் மணல் கிளம்புகிறது. காலில் மாட்டிய துடுப்பு பவளத்தில் பட்டுவிடுமோ என்ற அச்சத்திலேயே காற்றும் விரைவில் தீர்ந்துவிடுகிறது. ஈயத்தை இடுப்பிலிருந்து வேறிடத்திற்கு மாற்றினால் சரியாகுமா? அப்படி மாற்றினால் அவசரத்தில் கழற்றுவது எப்படி?

பதில்: அலையோரம்

ஆசிரியர் ஐயா, இடத்தை மாற்றுவதற்கு முன் அளவைப் பாருங்கள். வெப்பக் கடலில் 3 மில்லிமீட்டர் உடைக்கு 8 கிலோ அதிகமாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. தேவைக்கு மேல் ஈயம் இருந்தால், அதை ஈடுகட்ட பிசிடி என்னும் காற்றுச் சட்டையில் கூடுதலாகக் காற்றடைக்க வேண்டியிருக்கும். தலை சற்றே உயர்ந்ததும் அந்தக் காற்று தோள் பக்கம் ஏறி மேலுடலைத் தூக்கும். இடுப்பிலுள்ள ஈயமோ கீழே இழுக்கும். உங்கள் உடல் சாய்வதற்கு இந்த இரண்டு இழுப்புகளே பெருங்காரணமாக இருக்கக்கூடும். அதோடு, 10 மீட்டர் ஆழத்தில் இருக்கும் காற்று மேற்பரப்புக்கு வரும்போது இருமடங்காக விரியும் என்பதால், சட்டையில் காற்று கூடக்கூட ஏறும் வேகத்தைக் கட்டுப்படுத்துவதும் கடினமாகிறது.

சோதிக்கும் முறை இதுதான்: முக்குளிப்பின் முடிவில், சிலிண்டரில் 50 பார் (பார் என்பது அழுத்த அலகு) அளவு காற்று இருக்கும்போது, மேற்பரப்பில் அசையாமல் நிமிர்ந்து நில்லுங்கள். பிசிடியிலுள்ள காற்றை முழுவதும் வெளியேற்றிவிட்டு, இயல்பாக இழுத்த மூச்சைச் சற்று நிறுத்திப் பாருங்கள். தண்ணீர் கண் மட்டத்தில் நிற்க வேண்டும். மூச்சை விட்டதும் மெல்ல அமிழ வேண்டும். சிலிண்டர் நிறைந்திருக்கும்போது சோதித்தால் இன்னும் ஏறத்தாழ 2 கிலோ சேர்க்க வேண்டும், ஏனெனில் நீங்கள் சுவாசித்துத் தீர்க்கும் காற்றுக்கும் அவ்வளவு எடை உண்டு.

பதில்: நீலத்திடல்

அலையோரம் சொன்னதை முதலில் செய்துவிட்டு இதற்கு வாருங்கள். தள்ளுவண்டியில் செம்பனைக் குலைகளைச் சக்கரத்தின் பக்கம் அடுக்கினால் கைக்கு இலேசாகவும், கைப்பிடிப் பக்கம் அடுக்கினால் பாரமாகவும் இருப்பது தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும். தண்ணீருக்குள்ளும் எடை எவ்வளவு என்பதைப் போலவே எங்கே என்பதும் முக்கியம். நுரையீரல் இருக்கும் நெஞ்சுப் பகுதி மிதக்கும், ஈயமோ அதற்குக் கீழே இடுப்பில் தொங்குகிறது. ஆகவே, சிலிண்டரைப் பிடித்திருக்கும் பட்டையில் சிறு பைகளைக் கோத்து, பக்கத்துக்கு ஒரு கிலோவாக இரண்டு கிலோவை முதுகின் மேற்பகுதிக்குக் கொண்டுபோங்கள். சிலிண்டரையே சில சென்டிமீட்டர் உயர்த்திக் கட்டுவதும் உதவும். ஆனால் அண்ணாந்து பார்க்கும்போது பின்தலை வால்வில் இடிக்கக் கூடாது.

பிறகு மூன்று மீட்டர் ஆழத்தில் முழங்காலை மடித்து, கைகளை முன்னே நீட்டி, ஒரு முறைகூட உதைக்காமல் அசையாதிருந்து பாருங்கள். கால்கள் தாழ்ந்தால் எடை இன்னும் மேலே போக வேண்டும். தலை தாழ்ந்தால் சற்று இறங்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றினால்தான் எது பலன் தந்தது என்பது தெரியும். கனத்த ரப்பர் துடுப்பும் கால்களைத் தாழ்த்தக்கூடியது. கணுக்காலில் எடை கட்டும்படி யாரேனும் சொன்னால் ஏற்காதீர்கள். அது கால்கள் மிதப்பவர்களுக்கு உரியது.

பதில்: தென்கடல்

இரண்டு கிலோ வரை மேலே மாற்றுவது சரி. நீலத்திடலின் யோசனையை அதற்கு மேல் நீட்ட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். முதுகுப் பட்டையிலுள்ள பைகளை அவசரத்தில் உங்கள் கை எட்டாது. மேற்பரப்பில் பிசிடி காற்றை ஏற்காமல் போனாலும், அல்லது களைத்துப்போனாலும், உங்களை மிதக்க வைக்கக்கூடியது எடையைக் கழற்றி எறிவதுதான். எனவே, மிஞ்சியதைப் பெல்ட்டிலோ இழுத்தால் கழன்றுவிடும் பிசிடிப் பைகளிலோ வையுங்கள். பெல்ட் மற்ற எல்லாப் பட்டைகளுக்கும் வெளியே இருக்க வேண்டும். வலக்கையால் ஒரே இழுப்பில் திறக்க வேண்டும். அதன் நுனியை எதற்குள்ளும் செருகி வைக்கக் கூடாது. கட்டிகள் நழுவாதபடி தடுப்பு வளையங்களைப் போட்டு, இருபுறமும் சமமாக அடுக்குங்கள்.

ஆழத்தில் இருக்கும்போது எடையை எறிந்தால் கட்டுப்பாடின்றி மேலே பாய நேரிடும். வேறு எந்த வழியும் இல்லாதபோது மட்டுமே அதைச் செய்ய வேண்டும். உங்கள் எடைகள் எங்கெங்கே இருக்கின்றன, எதை எப்படிக் கழற்றுவது என்பதை, இறங்குவதற்கு முன் துணைவரின் கையை அந்தந்த இடத்தில் வைத்தே காட்டிவிடுங்கள்.

குளுவாங்_ஆசிரியர்

மூவருக்கும் மிக்க நன்றி. இதையெல்லாம் முதலில் நீச்சல் குளத்தில் சோதித்துப் பார்த்தால், அந்த அளவு கடலுக்கும் பொருந்துமா?

பதில்: அலையோரம்

இடம் பொருந்தும், அளவு பொருந்தாது. கடல்நீர் நன்னீரைவிட ஏறக்குறைய 2.5 விழுக்காடு அடர்த்தி மிகுந்தது. உடலும் கருவிகளும் சேர்ந்து 100 கிலோ என்றால், கடலில் சுமார் இரண்டரை கிலோ கூடுதலாகத் தேவைப்படும். அதைப் பெல்ட்டில் சேருங்கள், முதுகில் வேண்டாம். வாடகைப் பிசிடிகளில் மேற்புறப் பைகள் பெரும்பாலும் இருப்பதில்லை. பட்டையில் கோக்கும் இரண்டு பைகளை இங்கிருந்தே வாங்கிக்கொண்டு போங்கள். ஈயக் கட்டிகளை முக்குளிப்புக் கடையே தரும். முதல் நாள் ஆழமில்லாத இடத்திலேயே, கடலிலும் ஒரு முறை 50 பார் சோதனையைச் செய்துவிடுங்கள்.