விண்டோஸ் 11 போட்டபின் பழைய கல்யாணப் பத்திரிகைகள் எல்லாம் ஆங்கில எழுத்தாக வருகின்றன, உதவி தேவை

குத்தாலம் டிடிபி:

வணக்கம். குத்தாலத்தில் டிடிபி, ஜெராக்ஸ் கடை நடத்துகிறேன். கடைக் கணினி ஆறாம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ராம், விண்டோஸ் 10 ஓடிக்கொண்டிருந்தது. 2025 அக்டோபர் 14-உடன் ஆதரவு முடிந்தது என்று திரையில் அடிக்கடி அறிவிப்பு வரவே, தெரிந்த சர்வீஸ் பையன் ஒருவர் வந்து புது எஸ்எஸ்டி மாட்டி விண்டோஸ் 11 ஏற்றிக் கொடுத்தார். ஆன் செய்தவுடன் எழுந்துகொள்கிறது, வேகத்தில் குறை சொல்ல முடியாது. ஆனால் கடைக்குச் சோறு போடுகிற வேலையே நின்றுபோய்விட்டது.

பழைய பத்திரிகைகள் எல்லாம் எக்ஸ்டர்னல் டிஸ்கில் இருக்கின்றன. பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கர் 7 மென்பொருளில் திறந்தால் "அன்புடையீர், நிகழும் மங்களகரமான விசுவாவசு வருடம்" என்று இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக வரிவரியாகக் கிடக்கிறது. பக்கத்துக் கடையில் ஃபாண்டுகளை பென்டிரைவில் வாங்கி வந்து டபுள் கிளிக் செய்து இன்ஸ்டால் கொடுத்தேன். வேர்டில் தமிழாகத் தெரிகிறது, பேஜ்மேக்கர் பட்டியலில் அந்த ஃபாண்டின் பெயரே இல்லை. வேர்டிலும் ஒரு கோளாறு. பாமினி என்ற தமிழ் ஃபாண்டில் அன்புடையீர் என்று அடிக்கத் தொடங்கினால் அதுவாகவே ஆன்புடையீர் ஆகிவிடுகிறது. திருத்தினால் நிற்கிறது, அடுத்த பாராவில் மறுபடி அதே கதை.

மாசி, பங்குனி முகூர்த்தத்துக்குப் பத்திரிகை கேட்டு ஆட்கள் வந்துகொண்டிருக்கிறார்கள். பெரும்பாலும் மூத்த பெண்ணுக்கு அடித்த பத்திரிகையிலேயே பெயர், தேதி மாற்றிக் கொடுக்கச் சொல்பவர்கள். அறுவடை நேரம் என்பதால் கொள்முதல் நிலையத்தில் பதிய சிட்டா, அடங்கல் எடுக்க வருகிற விவசாயிகள் கூட்டம் வேறு. பேசாமல் 10-க்கே திரும்பிவிடலாமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மன்னை உரக்கடை:

திரும்பிவிடுங்கள் அக்கா. நான் இன்னும் 10-தான், அதுவும் 32 பிட். எங்கள் கடை பில் புரோகிராம் டாஸ் காலத்தில் ஃபாக்ஸ்புரோவில் எழுதியது, ஸ்டாக், கடன் பாக்கி எல்லாம் அதில்தான் இருக்கிறது. விண்டோஸ் 11-இல் 32 பிட் பதிப்பே கிடையாது, 64 பிட்டில் பழைய 16 பிட் புரோகிராம் எழுந்திருக்காது. நன்றாக ஓடுகிற மெஷினை, சிப் பழையது என்று ஒதுக்கச் சொல்வது அநியாயம். இந்த ஊரில் ஒரு கணினி வாங்கினால் பத்து வருஷத்துக்காவது உழைக்க வேண்டும் என்றுதான் வாங்குகிறோம்.

தஞ்சை கணினி:

அக்கா, அவசரப்பட்டு எதையும் மறுபடி ஃபார்மட் செய்யாதீர்கள். உங்களுக்கு இருப்பது இரண்டு தனித்தனிப் பிரச்சினை, இரண்டும் சரியாகக்கூடியவை.

முதலில் அந்த ஆங்கில எழுத்து. கோப்பு கெடவில்லை. பாமினி போன்ற பழைய ஃபாண்டுகளில் கணினிக்குள் பதிவாவது தமிழே இல்லை. நீங்கள் 'அம்மா' என்று அடித்தால் உள்ளே எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்றுதான் பதிகிறது, அதற்குத் தமிழ் முகம் கொடுப்பது ஃபாண்ட். புது எஸ்எஸ்டியில் சுத்தமாக விண்டோஸ் ஏற்றியதால் பழைய ஃபாண்ட் ஒன்றுகூட வரவில்லை, அதனால் உள்ளே இருப்பது அப்படியே தெரிகிறது. கோப்பைத் திறக்கும்போது பேஜ்மேக்கர் வேறு ஃபாண்ட் மாற்றவா என்று ஒரு பெட்டியில் கேட்குமே, அதில் பர்மனென்ட் என்பதைத் தொடாதீர்கள், டெம்பரரியே இருக்கட்டும். ஃபாண்ட் சரியாகும்வரை எந்தக் கோப்பையும் சேவ் செய்யவும் வேண்டாம்.

அப்புறம், வேர்டில் தெரிந்து பேஜ்மேக்கரில் தெரியாததற்குக் காரணம் இதுதான். விண்டோஸ் 10-இன் 1809 பதிப்பிலிருந்தே டபுள் கிளிக் செய்து இன்ஸ்டால் கொடுத்தால் ஃபாண்ட் உங்கள் யூசர் கணக்குக்கு மட்டும்தான் போகும். புதிய மென்பொருள்கள் அங்கேயும் தேடும், பேஜ்மேக்கர் 2001-இல் வந்தது, அதற்கு விண்டோஸின் பொது ஃபாண்ட்ஸ் ஃபோல்டர் ஒன்றுதான் தெரியும். போட்ட ஃபாண்டுகளை செட்டிங்ஸில் போய் நீக்குங்கள். பிறகு பென்டிரைவில் உள்ள கோப்புகளை மொத்தமாகத் தேர்ந்து, ரைட் கிளிக், ஷோ மோர் ஆப்ஷன்ஸ், அதில் இன்ஸ்டால் ஃபார் ஆல் யூசர்ஸ். பேஜ்மேக்கரை மூடித் திறங்கள்.

பழைய ஹார்ட் டிஸ்க் என்ன ஆயிற்று? அது கையில் இருக்கிறதா?

பாபநாசம் தட்டச்சு:

தங்கச்சி, ஆன்புடையீர் விஷயத்தை நான் சொல்கிறேன். தட்டச்சுப் பயிலகம் நடத்தியவன், இதே தொல்லை எங்கள் பிள்ளைகளுக்கும் வந்திருக்கிறது. வேர்ட் அதை ஆங்கில வாக்கியம் என்று நினைத்துக்கொண்டு முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாக்குகிறது. பாமினியில் சின்ன எம் என்றால் அ, பெரிய எம் என்றால் ஆ. பழைய வேர்டில் யாரோ இதை எப்போதோ நிறுத்தி வைத்திருப்பார்கள், புதிதாகப் போட்டதும் மறுபடி தலைதூக்கியிருக்கிறது. ஃபைல், ஆப்ஷன்ஸ், ப்ரூஃபிங், ஆட்டோகரெக்ட் ஆப்ஷன்ஸ் போய், வாக்கியத்தின் முதல் எழுத்தைப் பெரிதாக்குவதற்கான டிக்கை எடுத்துவிடுங்கள். அந்தப் பெட்டியில் இருக்கிற மற்ற டிக்குகளையும் எடுத்துவிடுவது நல்லது, தமிழ் அடிக்கிறவர்களுக்கு அவற்றால் ஒரு பயனும் இல்லை.

புதிதாக அடிப்பதை இனி யூனிகோடில் அடியுங்கள், அதில் உள்ளே பதிவாவதே தமிழ் எழுத்துதான். 2010-லேயே தமிழக அரசு ஆணை போட்டாயிற்று. தமிழ்99 விசைப்பலகை விண்டோஸிலேயே இருக்கிறது. விரல் பழைய தட்டச்சுக்குப் பழகியிருந்தால் என்எச்எம் ரைட்டர் என்ற தட்டச்சு மென்பொருளில் அந்த விசைப்பலகையும் உண்டு, பாமினி முறையும் உண்டு. கை பழக்கத்தை மாற்றாமலே யூனிகோடுக்கு வந்துவிடலாம்.

குத்தாலம் டிடிபி:

டிக்கை எடுத்ததும் அன்புடையீர் அன்புடையீராகவே நிற்கிறது. மிக்க நன்றி அண்ணா. யூனிகோடில் அடிக்கலாம்தான், ஆனால் பேஜ்மேக்கர் ஏற்றுக்கொள்ளாதே?

பழைய ஹார்ட் டிஸ்க் இருக்கிறது, அந்தப் பையன் ஒரு கவரில் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார்.

பாபநாசம் தட்டச்சு:

ஏற்காது. யூனிகோடு வேண்டுமானால் இன்டிசைன் என்ற வடிவமைப்பு மென்பொருள், அதிலும் பாராகிராஃப் பேனலில் வேர்ல்ட் ரெடி கம்போசரைத் தேர்ந்தெடுத்தால்தான் கொம்பும் காலும் இடத்தில் உட்காரும். உடனே மாற வேண்டாம், இந்த முகூர்த்தம் முடியட்டும்.

தஞ்சை கணினி:

ஹார்ட் டிஸ்க் இருக்கிறது என்றால் பாதிக் கவலை போயிற்று. யூஎஸ்பி கேஸ் ஒன்றில் அதைப் போட்டு, விண்டோஸ் ஃபோல்டருக்குள் ஃபாண்ட்ஸ் என்று இருப்பதை முழுதாக நகலெடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்துக் கடை ஃபாண்டைவிட இதுதான் சரி. ஒரே பெயரில் இரண்டு கடையில் இருக்கும் ஃபாண்ட் அகலத்தில் கொஞ்சம் மாறியிருந்தால் பெயர்கள் அடுத்த வரிக்கு ஓடிவிடும், பத்திரிகையில் அது அசிங்கமாகத் தெரியும்.

இப்போது பெரிய கேள்வி. மன்னை அண்ணன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையிலிருந்துதான். உங்கள் ஆறாம் தலைமுறையில் அந்தச் சோதனையைத் தாண்டித்தான் ஏற்றியிருக்கிறார்கள். ஓடும், ஆனால் அப்டேட் வரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. வருஷா வருஷம் வரும் பெரிய பதிப்பு தானாக வராது, ஒவ்வொரு முறையும் கையால் ஏற்ற வேண்டும்.

ஆனால் ஆதரவு நின்ற கணினியை அப்படியே நெட்டில் வைத்திருங்கள் என்று மட்டும் நான் சொல்ல மாட்டேன். உங்கள் கடையில் ஸ்கேன் ஆவது உங்கள் காகிதம் மட்டும் இல்லை. ஊர்க்காரர்களின் ஆதார், பேங்க் பாஸ்புக், பட்டா. சிட்டா எடுக்க வருகிற பெரியவர் தன் போனுக்கு வந்த ஓடிபியை உங்களை நம்பிச் சொல்கிறார். அந்த மெஷினில் ஒரு திருட்டு புரோகிராம் உட்கார்ந்தால் நெல் பணம் வந்து விழும் கணக்கே போகும்.

மன்னை உரக்கடை:

அது சரிதான் தம்பி. என் பில் மெஷினில் நெட் கனெக்‌ஷனே கிடையாது, அதனால்தான் தைரியமாக வைத்திருக்கிறேன். நெட் வேலை எல்லாம் மகனுடைய லேப்டாப்பில்.

திருவாரூர் ஆசிரியை:

அதே வழியைத்தான் நானும் சொல்ல வந்தேன். பள்ளிப் பிள்ளைகளுக்கு அரசு கொடுத்த பழைய லேப்டாப் ஒன்று வீட்டில் சும்மா கிடந்தது. அதில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளம் போட்டேன், அரசுத் தளங்கள், பிடிஎஃப், பிரின்ட் எல்லாம் நடக்கிறது, தமிழ்99-உம் இருக்கிறது. பேஜ்மேக்கர் மட்டும் அதில் எதிர்பார்க்காதீர்கள். லிப்ரே ஆபீஸ் டிரா பேஜ்மேக்கர் கோப்பைத் திறக்கும், ஆனால் பார்டரும் பிள்ளையார் படமும் இருந்த இடத்தில் இருக்கும் என்று சொல்ல முடியாது. உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க உதவும், அவ்வளவே.

தஞ்சை கணினி:

நல்ல யோசனை. அக்கா, கடையில் இரண்டாவது கணினி ஏதாவது இருந்தால் பழைய டிஸ்கோடு அதை பேஜ்மேக்கருக்கு மட்டும் வையுங்கள், நெட் வேண்டாம். ஒரே கணினிதான் என்றால் பழைய டிஸ்கையே திரும்ப மாட்டி, விண்டோஸ் 10-க்கு நீட்டித்த பாதுகாப்பு அப்டேட்டில் சேரலாம். 22எச்2 பதிப்பாக இருக்க வேண்டும், அப்டேட் பக்கத்திலேயே சேருவதற்கான இணைப்பு வரும். சொந்த உபயோகக் கணினிக்கு செட்டிங்ஸை மைக்ரோசாஃப்ட் கணக்கில் பேக்கப் செய்தால் பணம் கிடையாது, இல்லையென்றால் 30 டாலர். 2026 அக்டோபர் 13 வரை. நிறுவனங்களுக்குக் கட்டணம் வேறு, உங்கள் கடை எதில் வரும் என்று நிபந்தனையைப் படித்துவிட்டுச் சேருங்கள்.

குத்தாலம் டிடிபி:

பழைய டிஸ்கிலிருந்து ஃபாண்ட்ஸ் எடுத்து ஆல் யூசர்ஸ் கொடுத்துப் போட்டேன், பேஜ்மேக்கர் பட்டியலில் எல்லாம் வந்துவிட்டன. போன வைகாசியில் அடித்த பத்திரிகை ஒன்றைத் திறந்தேன், தாய்மாமன் பெயர்கள் வரிசை வரைக்கும் ஒரு புள்ளி மாறாமல் இருக்கிறது. எல்லாருக்கும் நன்றி. மாமா வீட்டில் பழைய கணினி ஒன்று இருக்கிறது, அதைக் கேட்டு வாங்கிப் பத்திரிகை வேலையை அங்கே மாற்றிவிடுகிறேன். பழைய டிஸ்கை அதில் மாட்டினால் அப்படியே எழுந்துகொள்ளுமா?

தஞ்சை கணினி:

வேறு மதர்போர்டு என்றாலும் பெரும்பாலும் எழும், ஆனால் டிரைவர்களைத் தேடிக்கொண்டு முதல் தடவை நேரம் எடுக்கும், ஆக்டிவேஷன் மறுபடி கேட்கலாம். மாட்டுவதற்கு முன் அந்த டிஸ்கில் இருப்பதை எல்லாம் வேறு டிஸ்கில் ஒரு பிரதி எடுத்துவிடுங்கள். முடிந்த பத்திரிகைகளை நேரம் கிடைக்கும்போது பிடிஎஃப்பாகவும் சேமித்து வையுங்கள், ஃபாண்டை உள்ளே சேர்க்கும் எம்பெட் டிக்கோடு.