புதுப்பிப்பு: நெல்லா, புல்லா? வித்தியாசம் பிடிபட்டது

கடலூர் அருகே எங்கள் சம்பா வயலில், நெற்பயிரோடு கலந்து வளரும் காட்டுக் குதிரைவாலி என்ற களைப்புல்லைக் கதிர் வருவதற்கு முன்பே எப்படி இனம்காண்பது என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் எழுதிய அனைவருக்கும் மனமார்ந்த நன்றி.

நிறத்தையும் நடுநரம்பையும் ஒப்பிட்டுப் பார்த்தேன். இளம் பயிரில் அவை கைகொடுக்கவில்லை. இலையைப் பின்னுக்கு வளைத்து, அது தண்டை மூடிய உறையிலிருந்து பிரியும் இடத்தைப் பார்க்கச் சொன்ன யோசனைதான் பலித்தது. நெல்லில் அந்த இடத்தில் வெண்மையான மெல்லிய சவ்வு நாக்குப்போல் நீண்டிருக்கிறது. இருபுறமும் மயிருள்ள சிறு காதுகள் தண்டைத் தழுவி நிற்கின்றன. குதிரைவாலியில் நாக்கும் இல்லை, காதும் இல்லை. வெறுமையாக இருக்கிறது! பத்து மடங்கு லென்ஸ் வாங்கினேன். இதற்கு வெறும் கண்ணே போதும்.

எதிர்பாராதது ஒன்று: பிடுங்கிய களைக்கட்டில் பாதி புல்லே அல்ல. தண்டை விரல்களுக்கிடையே உருட்டியபோது மூன்று விளிம்புகள் தட்டுப்பட்டன. கோரை! அதன் இலைகள் மூன்று வரிசையில் வருகின்றன. புல்லுக்கு இரண்டு வரிசைதான், தண்டிலும் கணு தெளிவாகத் தெரியும். இத்தனை நாளும் இரண்டையும் ஒரே பெயரில் அழைத்துவந்திருக்கிறேன்.

வரப்பில் இருந்த, விரல்போல் கதிர் விரிக்கும் புல்லும் தெரிந்துவிட்டது. ஒவ்வொரு கதிரின் நுனியும் மணியில்லாமல் கூராக நீட்டிக்கொண்டிருக்கிறது. ஆகவே அது அருகம்புல் அல்ல, டாக்டிலோக்டீனியம் எகிப்தியம் என்ற அறிவியல் பெயர் கொண்ட வேறொரு புல்.