குரோமியத்தில் 6 தனி எலக்ட்ரான், இரும்பில் 4. காந்தம் இழுப்பது இரும்பைத்தானே?

கேள்வி:
குரோமியம் 3டி⁵ 4எஸ்¹. இணையாகாத எலக்ட்ரான் 6. இரும்பு 3டி⁶ 4எஸ்², இணையாகாதவை 4. இந்தக் கணக்குப்படி குரோமியம்தான் பலமாக ஒட்ட வேண்டும். ஏன் ஒட்டுவதில்லை? தாமிரத்திலும் 4எஸ்-இல் ஒன்று தனியாக இருக்கிறது, ஆனால் அது டயாகாந்தம், அதாவது காந்தத்தால் லேசாக விலக்கப்படுவது, என்கிறார்கள்.

பதில் 1:
நீங்கள் எண்ணியது தனி அணுவுக்குப் பொருந்தும். உலோகத்துண்டில் வெளி எலக்ட்ரான்கள் துண்டு முழுக்கப் பரவிவிடும். இரும்பில் அணுவுக்கு மிஞ்சுவது சுமார் 2.2 போர் மேக்னட்டான்தான் (அணுவின் காந்த வலிமையை அளக்கும் அலகு), கோபால்ட்டில் 1.7, நிக்கலில் 0.6. முழு எண்ணாக வராததைக் கவனியுங்கள்.

அதைவிட முக்கியம் திசை. இரும்பில் பக்கத்து அணுக்களின் தற்சுழற்சிகள் (எலக்ட்ரானைக் குட்டிக் காந்தமாக்கும் பண்பு) ஒரே திசையில் நின்றால் ஆற்றல் குறைகிறது. அந்த ஒழுங்கு 770 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும். குரோமியத்தில் அண்டை அணுக்கள் மாறி மாறி எதிர்த்திசையில் நின்று ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும். இதுதான் எதிர் ஃபெர்ரோகாந்தத்தன்மை. சுமார் 38 டிகிரியைத் தாண்டினால் அந்த ஒழுங்கு கலைந்து பாராகாந்தமாகிவிடும், அதாவது காந்தத்தால் மிக லேசாக மட்டுமே ஈர்க்கப்படும், அப்போதும் ஒட்டாது.

தாமிரத்தில் 3டி நிரம்பிவிட்டது. 4எஸ் எலக்ட்ரான்கள் ஆற்றல் பட்டையில் இணைகளாக அமைகின்றன. எஞ்சும் சிறு பாராகாந்தத்தை உள்கூடுகளின் டயாகாந்தம் விழுங்கிவிடுகிறது.

பதில் 2:
எண்ணும் முறை அயனிச் சேர்மங்களுக்கு நன்றாகவே வேலை செய்யும். தனி எலக்ட்ரான் எண்ணிக்கையை அதனுடன் 2 கூட்டிய எண்ணால் பெருக்கி வர்க்கமூலம் எடுங்கள். மாங்கனீஸ் 2+ அயனியில் 5, ஐந்தேழு முப்பத்தைந்து, விடை 5.92 போர் மேக்னட்டான்.

அணுவை அயனியாக்கும்போது முதலில் 4எஸ்-ஐத்தான் காலி செய்ய வேண்டும். மாற்றிச் செய்தால் இரும்பு 2+ அயனியில் பிழை வெளியே தெரியாது, 3டி⁴ 4எஸ்² என்றாலும் 4 தான் வரும். இரும்பு 3+ அயனியில் மாட்டிக்கொள்வீர்கள்: சரியான 3டி⁵-க்கு 5.92, தவறான 3டி³ 4எஸ்²-க்கு 3.87.

பதில் 3:
கண்ணால் பார்க்க 0.01 கிராம் காட்டும் தராசு போதும். தட்டில் 10 செ.மீ. தெர்மாகோல் கட்டை, அதன்மேல் நியோடைமியம் காந்தம், பிறகு பூஜ்யமாக்குங்கள். மயில்துத்தம் (தாமிர சல்ஃபேட்) நிரப்பிய சிறு கண்ணாடிக் குழாயைக் காந்தத்துக்கு 1 அல்லது 2 மி.மீ. மேலே, தொடாமல் பிடித்தால் எடை குறையும், ஏனெனில் தாமிர 2+ அயனி 3டி⁹, அதில் ஒரு எலக்ட்ரான் தனியாக இருக்கிறது. மாங்கனீஸ் சல்ஃபேட்டில் இன்னும் நன்றாகக் குறையும். தாமிரக் கம்பியின் விலக்கம் இந்தத் தராசில் தெரிவது கடினம்.

கட்டை இல்லாமல் வைத்தால் காந்தம் தராசின் இரும்புப் பாகங்களை இழுத்து எண்ணைக் கெடுக்கும். உப்பை இரும்புக் கரண்டியால் சுரண்டாதீர்கள். ஒட்டிவரும் துளி இரும்புத்தூளே முழு அளவையும் பொய்யாக்கிவிடும்.