புதுப்பிப்பு: சித்தப்பாவும் நாங்களும், வலைக்கடையும்

அப்பாவும் சித்தப்பாவும் சேர்ந்து நடத்திய மத்திய வீதி மீன்பிடி வலைக்கடையில், அப்பா இறந்தபின் யாருக்கு எவ்வளவு பங்கு என்று தெரியவில்லை, சித்தப்பாவோடு பேச்சும் குறைந்துவிட்டது என்று முன்பு எழுதியிருந்தேன். சட்டத்தரணியிடம் போகச் சொன்ன எல்லாருக்கும் நன்றி. போனோம்.

அவர் முதலில் கேட்டது: "பங்குடைமை ஒப்பந்தம் எங்கே?" அதாவது, இருவரும் சேர்ந்து தொழில் செய்வதாக எழுதிக்கொண்ட ஒப்பந்தம். எங்களிடம் இருந்தது வியாபாரப் பெயர்ப் பதிவு மட்டும். மூலதனம் ஆயிரம் ரூபாயைத் தாண்டினால் பங்குடைமை எழுத்தில், கையொப்பத்தோடு இருக்க வேண்டுமாம். இலங்கையின் 1840ஆம் ஆண்டு மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் அப்படிச் சொல்கிறது. இன்றைக்கு ஆயிரம் ரூபாய்க்கு ஒரு முடிச்சு நைலோன் நூலாவது வருமா?

அப்புறம் அம்மா அப்பாவின் நீல மட்டைக் கொப்பியை எடுத்து வைத்தார். வருடாவருடம் சரக்கு எண்ணிய பிறகு, கணக்கின் கீழே அப்பா, சித்தப்பா இருவரின் கையெழுத்துகள். சட்டத்தரணி ஒவ்வொரு பக்கமாக மெதுவாகப் புரட்டினார். சித்தப்பா அதைப் பார்த்து அழுதுவிட்டார். "வழக்கு வேண்டாம் பிள்ளை" என்றார்.

சரி, 2007ஆம் ஆண்டு 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ் தனியார் கம்பனியாகப் பதிகிறோம். யாராவது பங்கை விற்க நினைத்தால் முதலில் குடும்பத்துக்குள்தான் கேட்க வேண்டும். ஒருவர் இறந்தால் அவருடைய பங்கின் விலையை வெளிக் கணக்காளர் மதிப்பிட வேண்டும். இரண்டையும் கம்பனியை நடத்தும் விதிகளான அமைப்பு விதிகளில் எழுதச் சொல்லியிருக்கிறோம். சித்தப்பா தனக்கென்று வேறு சட்டத்தரணி வைத்திருக்கிறார், அதை நானே வற்புறுத்தினேன்.

அம்மா கேட்டது ஒன்றுதான்: பழைய பெயர்ப்பலகையை இறக்கக் கூடாது.