பழைய ஜிப்ஸியை இரண்டு இன்ச் உயர்த்த எது நல்லது?

எல்லாருக்கும் வணக்கம். என்னுடையது 2004 மாடல் மாருதி ஜிப்ஸி கிங், 1.3 லிட்டர் பெட்ரோல். தினமும் கோத்தகிரியிலிருந்து குன்னூருக்கு வேலைக்குப் போய்வருவது இதில்தான். ஞாயிறு என்றால் எஸ்டேட் மண்பாதை. பின்பக்க லீஃப் ஸ்பிரிங் (அடுக்குப் பட்டை ஸ்பிரிங்) தளர்ந்துபோய், நாலு பேர் ஏறினாலே பள்ளத்தில் ஆக்ஸில் போய் ரப்பர் ஸ்டாப்பரில் இடிக்கிறது. எப்படியும் மாற்றத்தான் வேண்டும், அதோடு ஒன்றரை அல்லது இரண்டு இன்ச் உயர்த்திவிடலாம் என்று யோசனை.

ஸ்பிரிங்கை ஆக்ஸிலுக்கு மேலே ஏற்றும் வேலை வேண்டாம். ஐந்து இன்ச் தூக்கிக்கொண்டு கொண்டை ஊசி வளைவில் யார் திரும்புவது? நீள ஷாக்கிள் (ஸ்பிரிங் முனையைச் சேஸிஸோடு இணைக்கும் துண்டு) மலிவுதான். ஆனால் ஷாக்கிளை இரண்டு இன்ச் நீட்டினால் வண்டி ஏறுவது ஒரு இன்ச். முன்பக்கம் போட்டால் காஸ்டர் (முன்சக்கரம் திரும்பும் அச்சு பின்னால் சாய்ந்திருக்கும் கோணம்) குறைந்து ஸ்டியரிங் அலைபாயும். மெக்கானிக் அண்ணன் கூடுதலாக ஒரு பிளேட் சேர்க்கச் சொல்கிறார். ஸ்பிரிங் விறைத்துப்போய், காலி வண்டியில் என் இடுப்பு என்ன ஆவது?

எனக்குப் பாரபோலிக் ஸ்பிரிங் செட் (நடுவில் தடித்து முனையில் மெலியும், குறைவான பட்டைகள் கொண்டது) பக்கம்தான் மனசு. தினசரி ஓட்டும் வண்டியில் யாராவது போட்டிருக்கிறீர்களா? ஷாக் அப்சார்பர், பிரேக் ஹோஸ் இரண்டையும் நீளமானதாக மாற்ற வேண்டி வந்ததா? அப்புறம், எஃப்.சி. எடுக்கும்போது உயரத்தைப் பற்றி ஏதாவது கேட்டார்களா?