பொருள்: 'ஒஃப் த றெக்கோட்' தமிழில் எப்படி?

திருநெல்வேலியிலிருந்து:
வணக்கம். சஞ்சிகைகளுக்கு எழுதும் சுயாதீன எழுத்தாளர்களுக்கான கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. செவ்வி எடுக்கும் அத்தியாயம் ஒரு சொல்லில் நிற்கிறது. ஒருவர் சொல்வதைப் பெயரோடு போடலாம், அல்லது பெயரை விட்டு விஷயத்தை மட்டும் போடலாம், அல்லது எதையுமே போடக்கூடாது. இந்த மூன்றாவதற்குத்தான் சொல் வேண்டும். 'பதிவுக்கு அப்பால்' என்றால் ஃபோனில் றெக்கோடிங்கை நிறுத்தினால் காணும் என்று பிள்ளைகள் விளங்கிக்கொள்கிறார்கள். நிறுத்திய பிறகு கேட்டதைக் கொப்பியில் குறித்துக் கட்டுரையில் போட்டால், நம்பிக் கதைத்த ஆளின் வேலையே போய்விடும்.

வட்டுக்கோட்டையிலிருந்து:
தம்பி, புதிதாக ஆக்க வேண்டியதில்லை. 'அவையல் கிளவி மறைத்தனர் கிளத்தல்', அதாவது அவையில் சொல்லத்தகாததை மறைத்துச் சொல்லவேண்டும் என்று தொல்காப்பியர் சொல்லதிகாரத்திலேயே தந்திருக்கிறார். சஞ்சிகையும் ஓர் அவைதான். 'அவையல் கூற்று' என்று வையுங்கள். செவ்வி என்ற சொல்லை நீங்கள் விடாமல் வைத்திருப்பது மகிழ்ச்சி. 'செவ்வி தலைப்படுவார்' என்ற குறளில் அது பக்குவமான சமயம். ஆள் வாய் திறக்கும் சமயம் பார்த்துப் போகிற தொழிலுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் ஏது? பேட்டி வடக்கே இருந்து வந்த சொல்.

பருத்தித்துறையிலிருந்து:
ஐயா, அவையல் கிளவி இடக்கரடக்கலுக்கு உரியது, 'கால் கழுவி வந்தான்' என்பதுபோல. சங்கக் கடைக் கணக்கில் நடந்த குளறுபடியைச் சொன்ன எழுதுநரின் பேச்சை அப்படிச் சொன்னால், அவர் ஏதோ கூடாத வார்த்தை பேசினார் என்றாகிவிடும். 'எழுதாக் கிளவி' எப்படி?

கொக்குவிலிலிருந்து:
எழுதாக் கிளவி வேதம் அல்லவா! குறுந்தொகையிலும் 'எழுதாக் கற்பு' அதுதான். தவிர, 'எழுதா' என்ற ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சத்தில் எழுதாத என்ற பொருள்தான் உண்டு, எழுதக்கூடாது என்ற விலக்கு இல்லை. 'மறை' என்று சுருக்கமாக வைக்கலாம். 'அறைபறை அன்னர் கயவர்தாம் கேட்ட மறை' என்ற குறள் இந்தத் தொழிலுக்கே சொன்னதுபோல இருக்கிறது.

பருத்தித்துறையிலிருந்து:
மறையும் வேதந்தானே? இலக்கணத்தில் எதிர்மறைக்கும் அதே சொல்.

குருநகரிலிருந்து:
நான் சஞ்சிகைகளுக்கு எழுதுகிறவள். வாடியில் வலை பொத்திக்கொண்டிருக்கும் ஐயாவிடம் போய் 'இது அவையல் கூற்றா' என்று கேட்டால் எழும்பிப் போய்விடுவார். அவர் சொல்வது, 'பிள்ளை, உதை எழுதிப் போடாதேங்கோ.' அதையும் பெரும்பாலும் தேத்தண்ணி குடித்து முடித்து, எல்லாம் சொன்ன பிறகுதான் சொல்வார். ஒப்பந்தம் சொல்வதற்கு முன்பே இருக்கவேண்டும், இரண்டு பேரும் சம்மதிக்கவேண்டும் என்பது விதி. அமைச்சரிடம் அதை நான் இறுக்கிப் பிடிப்பேன், ஊடகமே பழகாத மனிசரிடம் பிடிக்கமாட்டேன். இன்னொன்று, 'இதையே வேறொருவர் பெயரோடு சொன்னால் எழுதலாமா' என்று அந்த இடத்திலேயே கேட்டுவிட வேண்டும். வாக்குக் கொடுப்பது நாங்கள், கடைசியில் பெயரைக் கேட்பது ஆசிரியர், ஆகவே அவரிடமும் முதலே கதைத்து வைக்கவேண்டும். கையேட்டில் இவைதான் கட்டாயம் வரவேண்டும். சொல்லுக்கு, 'பெயரோடு', 'பெயரின்றி', 'எழுத வேண்டாம்' என்று மூன்றையும் வையுங்கள். சொல்கிறவருக்கும் விளங்கினால்தான் அது சம்மதம்.

வட்டுக்கோட்டையிலிருந்து:
மகள், நீங்கள் சொல்லும் நடைமுறை முழுவதும் எனக்குச் சம்மதம். ஆனால் 'எழுத வேண்டாம்' வாக்கியம், கலைச்சொல் அல்ல. அதற்கு வேற்றுமை உருபு ஏற்றிப் பாருங்கள், நிற்காது.

கொக்குவிலிலிருந்து:
'எழுத வேண்டாம் என்று சொன்னார்' என்றால் நிற்கிறதே, உருபு எதற்கு?

திருநெல்வேலியிலிருந்து:
சரி, அச்சகத்தார் இரண்டு தரம் கோல் எடுத்துவிட்டார்கள். பெரும்பாலானோர் சொன்னபடி 'எழுத வேண்டாம்' போகிறது, குருநகர் அக்கா சொன்ன நடைமுறை பெட்டிச் செய்தியாக வரும். 'பெயரின்றி' என்பதில் பதவியைக் குறிப்பிடலாமா என்பது இன்னும் தெளிவில்லை. ஊரில் ஒரே ஒரு கிராம அலுவலர் இருக்கும்போது பதவியைப் போட்டாலே ஆள் தெரிந்துவிடும். அதற்குத் தனி மடல் போடுகிறேன்.

வட்டுக்கோட்டையிலிருந்து:
போடுங்கள். அடுத்த பதிப்பில் அவையல் கூற்றை அடைப்புக்குறிக்குள்ளாவது சேர்க்கவேண்டும் என்பதில் நான் மாறவில்லை.