ரொறன்ரோவில் வீடு தேடும் முன் ஒரு குடியிருப்புப் பகுதியின் மக்கள்தொகை விவரத்தை வாசிப்பது எப்படி?

மனைவியுடனும் நான்கு வயது மகளுடனும் அடுத்த மாதம் ரொறன்ரோ வந்திறங்கவிருக்கும் தம்பி ஒருவர், தமிழர் அதிகம் வசிக்கும் பகுதி எது என்று கேட்டிருந்தார். ஸ்காபரோ, மார்க்கம், ஏஜாக்ஸ் என்று பலரும் பதில் எழுதிவிட்டார்கள். அவை சரியான பதில்கள்தாம். ஆனால் இங்கே இருபது ஆண்டுகளுக்கு மேல் வாடகைக்கு இருந்தும், வீடு வாங்கியும், புதிதாக வந்தவர்களுக்கு வீடு பார்த்துக் கொடுத்தும் பழகியவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். ஒரு பகுதியில் யார் நிலைத்து இருக்கிறார்கள், யார் வந்து போகிறார்கள், ஒரு கூரையின் கீழ் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பவை, தமிழர் எத்தனை வீதம் என்ற எண்ணைவிட உங்கள் அன்றாட வாழ்வை அதிகம் தீர்மானிக்கும்.

ரொறன்ரோ மாநகர சபை தன் எல்லையை 158 குடியிருப்புப் பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு விவரக்கோவையை இணையத்தில் வைத்திருக்கிறது. வயது, தாய்மொழி, பிறந்த நாடு, வருமானம், வீட்டின் வகை, சொந்த வீடா வாடகையா என்பன எல்லாம் அதில் உண்டு. எண்கள் ஐந்தாண்டுக்கு ஒருமுறை நடக்கும் குடிசன மதிப்பீட்டிலிருந்து, அதாவது மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலிருந்து, எடுக்கப்பட்டவை. பிறந்த நாடு போன்ற விரிவான கேள்விகள் கொண்ட நீண்ட படிவம் நான்கு வீடுகளில் ஒன்றுக்கு மட்டுமே போகிறது. வெளியிடும்போது, மொத்த மக்கள்தொகை தவிர்ந்த எண்களின் கடைசி இலக்கத்தை 0 அல்லது 5 ஆக்கிவிடுகிறார்கள். ஆகவே 15 பேர், 20 பேர் என்று வரும் சிறிய எண்களை வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

ஸ்காபரோவில் உள்ள மால்வேர்னை எடுத்துக்கொள்வோம். 1950களில் மத்திய அரசு விவசாயக் காணிகளைக் கையகப்படுத்தி, 1970களில்தான் வீடுகள் எழும்பிய பகுதி இது. 2016 கணக்கெடுப்பில் இங்கே 43,794 பேர் இருந்தார்கள். புதிய விவரக்கோவையில் மால்வேர்ன் என்று தேடினால் இதைவிட மிகக் குறைந்த எண் கிடைக்கும்; அதைப் பார்த்துச் சனம் பாதி ஓடிவிட்டது என்று எண்ணிவிடாதீர்கள். 2022இல் மாநகர சபை 140ஆக இருந்த பகுதிகளை 158ஆகப் பிரித்தபோது மால்வேர்ன் கிழக்கு, மேற்கு என்று இரண்டானது. எல்லை மாறியதா என்று பாராமல் இரண்டு ஆண்டுகளை ஒப்பிடுவது வீண் வேலை. 2011ஆம் ஆண்டோடு ஒப்பிடுவது அதைவிட மோசம். அந்த முறை நீண்ட படிவத்தைக் கட்டாயமின்றி விருப்பத்துக்கு விட்டிருந்தார்கள். புதிதாக வந்தவர்களும் வருமானம் குறைந்தவர்களும் நிரப்பாமல் விட்டுவிடக்கூடிய ஏற்பாடு அது.

மால்வேர்னில் தெற்காசியர், கறுப்பினத்தவர், பிலிப்பினோக்கள் என்று மூன்று பெரிய பிரிவினர் அருகருகே வாழ்கிறார்கள். ‘தெற்காசியர்’ என்ற கட்டத்துக்குள் பஞ்சாபியும் குஜராத்தியும் பாகிஸ்தானியரும் நாமும் ஒன்றாகவே அடைபட்டிருக்கிறோம் என்பதால், அந்த எண்ணோடு நின்றுவிடாமல் தாய்மொழி அட்டவணைக்குப் போங்கள். அங்கே தமிழ் தனியாக நிற்கும். அதன் பிறகு பிறந்த நாடு என்ற அட்டவணையில் இலங்கையையும் இந்தியாவையும் பாருங்கள். கோயம்புத்தூரிலிருந்து வந்த நண்பர் ஒருவரை முதல் வாரம் இங்குள்ள தமிழ்க் கடைக்கு அழைத்துப் போனேன். அவர் கொத்தமல்லி கேட்டார். கடைக்காரர் மல்லி விதைப் பக்கற்றை எடுத்து மேசையில் வைத்தார். நண்பர் தழையை நினைத்திருந்தார். இரண்டு பேரும் ஒரு கணம் ஒருவரையொருவர் பார்த்துவிட்டுச் சிரித்தார்கள். இதெல்லாம் பெரிய விடயம் அல்ல, ஆறு மாதத்தில் பழகிவிடும். ஆனால் ‘தமிழ்ப் பகுதி’ என்றவுடன் தன் ஊரையே எதிர்பார்த்து வருபவர்களுக்கு முதல் சில மாதங்கள் தனிமையாக இருக்கும்.

அடுத்தது வீட்டின் வகை. புதியவர்கள் பெரும்பாலும் கவனிக்காமல் தாண்டிப் போகும் பக்கம் இதுதான். எனக்கோ மிகவும் பயன்பட்ட பக்கம். ஒரு தனி வீட்டின் கீழே தனிக் குடியிருப்பாகப் பேஸ்மென்ற் (நிலக்கீழ்த் தளம்) இருந்தால், கணக்கெடுப்பில் மேல்வீடு, கீழ்வீடு இரண்டும் ‘டூப்ளெக்ஸ் குடியிருப்பு’ என்ற வகையில் சேர்க்கப்படும். இந்த வகை அதிகமாகத் தெரியும் பகுதியில் பேஸ்மென்ற் வாடகை எளிதாகக் கிடைக்கும் என்று வாசித்துக்கொள்ளலாம். ஆனால் எல்லாப் பேஸ்மென்ற்களும் கணக்கில் வருவதில்லை. 2006ஆம் ஆண்டு நாங்கள் ஸ்காபரோவில் ஒரு பேஸ்மென்றில் இருந்தபோது கணக்கெடுப்புப் படிவம் வீட்டுக்கு ஒன்றே வந்தது. வீட்டுக்காரர் தன் குடும்பத்தை மட்டும் எழுதி அனுப்பிவிட்டார். எங்களையும் சேர்க்கச் சொல்லிக் கேட்டதற்கு, கீழே ஆட்கள் இருப்பது அரசாங்கத்துக்குத் தெரிந்தால் வரி கூடும் என்றார். கணக்கெடுப்பில் சொல்வது வரித் திணைக்களத்துக்குப் போவதில்லை என்பது அப்போது எனக்கும் தெரியாது. ஆக, அந்த ஆண்டுக் கணக்கில் என் மனைவியும் நானும் கைக்குழந்தையும் அந்தத் தெருவில் இல்லை.

இப்படி விடுபட்டவர்களை நீங்களே நேரில் போய்க் கண்டுகொள்ளலாம். மாலை ஏழு மணிக்குத் தெருவில் ஒருமுறை நடந்து பாருங்கள்: இரண்டு கார் நிற்க வேண்டிய முற்றத்தில் நான்கு கார்கள், பனிக்காலமானால் வீட்டின் பக்கக் கதவுக்குப் போகும் ஒற்றையடிப் பாதை, அதன் ஓரத்தில் சிறுவர் சப்பாத்து ஒரு சோடி. விவரக்கோவை சொல்வதைவிட அந்தத் தெருவில் ஆட்கள் அதிகம் என்று அறிந்துகொள்வீர்கள். பாடசாலை வகுப்பிலும், கார் நிறுத்துவதிலும், காலைப் பேருந்திலும் அந்த நெருக்கம் உங்களுக்குத் தெரியவரும்.

வருமான அட்டவணையை வாசிக்கும்போது இரண்டு எச்சரிக்கைகள். சராசரியை விட்டுவிட்டு இடைநிலை வருமானத்தைப் பாருங்கள். வரிசையில் நடுவில் நிற்கும் குடும்பத்தின் வருமானம் அது. டவுன்டவுனில் உள்ள கபேஜ்டவுன் - தெற்கு சென் ஜேம்ஸ்டவுன் என்ற பகுதியில் விக்ரோறியாக் காலத்துச் செங்கல் வீடுகளும் வாடகைத் தொடர்மாடிகளும் ஒரே கோவைக்குள் இருக்கின்றன. அங்கே சராசரி என்பது அந்த இரண்டு பக்கத்தில் எவரையும் காட்டாது. இரண்டாவது, 2021 கணக்கெடுப்பில் உள்ள வருமானம் 2020ஆம் ஆண்டுக்குரியது. கோவிட் காலத்தில் வேலை இழந்தவர்களுக்கு மத்திய அரசு நான்கு வாரத்துக்கு 2,000 டொலர் கொடுத்த ஆண்டு அது. அதனால் வறுமை வீதம் வழக்கத்தைவிடக் குறைவாகத் தெரியும். வேலைக்குப் போகும் நேரத்தைக் காட்டும் அட்டவணையையும் அப்படியே நம்ப முடியாது. 2021 மே மாதம் பலர் வீட்டிலிருந்தே வேலை பார்த்தார்கள். அதற்குப் பிறகு, 2023 ஜூலையில் ஸ்காபரோவின் இலகு ரயில் தடம்புரண்டு, சேவையே நிரந்தரமாக நின்றுவிட்டது.

மேலே சொன்ன பகுதிக்கு வடக்கே, வெலஸ்லி வீதியைத் தாண்டினால், வடக்கு சென் ஜேம்ஸ்டவுன் தனிப் பகுதியாக இருக்கிறது. 1960களில் கட்டிய உயரமான கட்டடங்கள். அரைச் சதுரக் கிலோமீற்றர்கூட இல்லாத இடத்தில் 2016இல் 18,000க்கு மேற்பட்டவர்கள். 1983க்குப் பிறகு வந்த நம்மவர்களில் ஏராளமானோர் முதலில் இறங்கியது இங்கேதான். வேலையும் கையில் கொஞ்சப் பணமும் சேர்ந்ததும் ஸ்காபரோவுக்கு நகர்ந்தார்கள். இத்தகைய பகுதியை அடையாளம் காட்டுவது ‘ஐந்து ஆண்டுகளுக்கு முன் எங்கே வசித்தீர்கள்’ என்ற கேள்வியின் அட்டவணை. வேறு முகவரியில் இருந்தவர்கள் அதிகமென்றால் அது வந்து போகும் இடம். அதைக் குறையாக நான் சொல்லவில்லை. காரில்லாத முதல் இரண்டு ஆண்டுகளுக்கு, சுரங்க ரயிலுக்கு நடந்து போகக்கூடிய அப்படியொரு இடம், மால்வேர்னில் எட்டுத் தமிழ்க் கடைக்கு நடுவே இருப்பதைவிட வசதியாக இருக்கலாம். ஆனால் மகள் ஒரே பாடசாலையில் ஒரே தோழிகளோடு ஐந்தாம் வகுப்பு வரை படிக்க வேண்டும் என்றால், நகராதவர்கள் அதிகமுள்ள பகுதியைத் தேடுங்கள். வருமானத்தில் 30 வீதமோ அதற்கு மேலோ வீட்டுக்கே செலவழிப்போர் எத்தனை வீதம் என்ற வரியையும் கூடவே வாசித்தால், வாடகை தாங்காமல் மக்கள் வெளியேறும் இடமா என்பதும் ஓரளவு தெரியும்.

பின்னிணைப்பு: மார்க்கம் பகுதிகளுக்கு இந்த விவரக்கோவை ஏன் கிடைக்கவில்லை என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ஸ்ரீல்ஸ் அவெனியூவைத் தாண்டியதும் அது வேறு நகரசபை; 158க்குள் அது வராது. அங்கே கனடாப் புள்ளிவிவரத் திணைக்களத்தின் தளத்துக்குப் போய், சில ஆயிரம் பேர் கொண்ட ‘கணக்கெடுப்பு வட்டம்’ ஒவ்வொன்றாகத்தான் பார்க்க வேண்டும். அதே அட்டவணைகள்தாம் இருக்கும், வாசிக்கும் முறையும் இதேதான். தம்பி, நீங்கள் வந்ததும் முதல் மாதத்துக்கு மட்டும் ஓர் அறை பிடித்துக்கொண்டு, பட்டியலில் உள்ள இரண்டு மூன்று இடங்களைக் காலை ஐந்தரைக்கு ஒருமுறையும் மாலை ஏழுக்கு ஒருமுறையும் பார்த்த பிறகு ஒப்பந்தத்தில் கையெழுத்து வையுங்கள். காலை ஐந்தரைக்குப் பேருந்துத் தரிப்பில் யார் நிற்கிறார்கள் என்பது அட்டவணையில் இல்லை.